பழவேற்காட்டு வெள்ளை இறால் தூய இனமா?

பழவேற்காட்டுக் கரையில் இருவகை இறால் விலைக்கு வருகின்றது. ஒன்று, ஏரியில் வலைப்பட்ட வெள்ளை இறால். மற்றொன்று, கரையடுத்த குளங்களில் தீனியிட்டு வளர்த்த வனாமி இறால். முன்னதைத் 'தூய இனம்' என்றும் பின்னதைக் 'கலப்பினம்' என்றும் பிரித்துப் பேசுவார் உளர். தமிழ்த்தூய்மையில் ஊன்றி நிற்பார் செவிக்கு இப் பேச்சு இனிக்கவும் செய்யும். நம்முடையது தூயது, வந்தேறியது கலப்பு என்னும் பாகுபாடு அவர்க்குப் பழகிய பாகுபாடன்றோ!

ஆயின், இரண்டு பெயரும் பிழை. ஏரி இறால் உயிரியலார் கொள்ளும் பொருளில் தூய இனம் அன்று. குளத்து இறால், நம் இறாலோடு அயல் இறால் கூடிப் பிறந்த கலப்பினமும் அன்று. சொற்பிழைதானே என்று விட்டுவிடுதற்கில்லை. பெயர் பிழைபட்டால் அச்சம் தவறான திசையிற் செல்லும்; காவலும் தவறான வாயிலில் நிற்கும். பழவேற்காட்டு மீனவர்க்கு இப்பொழுது நேர்ந்திருப்பது அதுவே.

'தூய வழி' என்பது இயற்கையில் கிடப்பதன்று. வளர்ப்பார் முயன்று உண்டாக்குவது. உயிரியின் உடலிலுள்ள ஒவ்வொரு மரபீனியும் இரண்டு படிகளாக உளது. ஒன்று தாய் தந்தது; மற்றொன்று தந்தை தந்தது. (பள்ளிநூல்கள் மரபணு என்று வழங்குவதே இங்கு மரபீனி எனப்பெறுகின்றது. பண்பை ஈன்று தருவதனை ஈனி என்பது பொருந்தும்.) அவ் விரண்டு படிகளும் ஒன்றுபோலவே இருக்கலாம், வேறுபட்டும் இருக்கலாம். ஏறத்தாழ எல்லா இடத்தும் இரு படிகளும் ஒன்றுபோலவே ஆகும்வரை, செடியாயின் தன் பூந்துகளைத் தன் சூலிலேயே சேர்த்தும், விலங்காயின் உடன்பிறந்தவற்றையே இணைத்தும், தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுப்பதே தூய வழி. அவ்வழியிற் பிறந்தவை யாவும் ஓரச்சில் வார்த்தவை போலிருக்கும். பெற்றோர் எப்படியோ, பிள்ளைகளும் அப்படியே. உழவர்க்கும் வணிகர்க்கும் இஃது ஒரு பெரிய வாய்ப்பு என்பதை மறுத்தற்கில்லை.

இருவேறு தூய வழிகளைக் கூட்டினால் பிறப்பது கலப்பு. அதன் முதல் தலைமுறையும் ஓரச்சாகவே இருக்கும். ஒவ்வொன்றும் இப்பக்கத்து ஒருபடியும் அப்பக்கத்து ஒருபடியும் பெற்றிருத்தலின். வேறுபாடு இரண்டாந் தலைமுறையில்தான் வெளிப்படும். இதனை ஐயத்திற்கிடமின்றி எண்ணிக்காட்டியவர், இன்று செக்கு நாட்டைச் சேர்ந்த புருனோ நகரத்துத் துறவிமடத்தில் பட்டாணி விதைத்த மெண்டல் என்பார். அவர்தம் கட்டுரை 1866 இல் வெளிவந்தது. உருண்டை மணி தரும் தூய வழியையும் சுருங்கிய மணி தரும் தூய வழியையும் அவர் கூட்டினார். முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. சுருக்கம் இருந்த இடமே தெரியவில்லை. அவ்வுருண்டை மணிகளை விதைத்து, அவை தமக்குத்தாமே சூல்கொண்டு தந்த மணிகளை எண்ணினார். 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். நான்கில் ஒன்று பாட்டியின் முகத்தோடு திரும்பி வந்துவிட்டது. மறைந்தது அழிந்திலது, ஒரு தலைமுறை ஒளிந்திருந்தது, அவ்வளவே.

கலப்பினத்தின் முழுப் பொருளியலும் இவ் வெண்ணிக்கைக்குள் அடங்கிக் கிடக்கின்றது. முதல் தலைமுறைக் கலப்பு வீறுடன் வளரும், மிகுந்து விளையும். ஆனால் அதன் விளைச்சலிலிருந்து விதை எடுத்துப் போட்டால், அடுத்த பருவத்துப் பயிர் நெட்டையும் குட்டையுமாய், முந்தியதும் பிந்தியதுமாய்ச் சிதறும். ஆகவே உழவன் ஆண்டுதோறும் விதைக்காரனிடமே செல்லவேண்டும். மக்காச்சோளத்தில் இது நடந்தது. பருத்தியில் நடந்தது, வணிகத்திற்கு வந்த உலகின் முதற் கலப்பினப் பருத்தி 1970 இல் சூரத்து ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்துதான் வெளிவந்தது. விதைப்பெட்டி உழவனின் வீட்டுப் பரணிலிருந்து கடைக்காரனின் அடுக்கிற்கு இடம் மாறியது இவ்வாறே.

கலப்பிற்கு வீறு யாங்ஙனம் வந்தது? ஒவ்வோர் உயிரியும் பழுதுபட்ட மரபீனிகள் சிலவற்றைச் சுமந்தே பிறக்கின்றது. இரு படிகளில் ஒன்று பழுதாயினும் மற்றொன்று நன்றாயிருப்பின் பெரும்பாலும் தீங்கு தெரியாது. நெருங்கிய உறவிற்குள்ளேயே இணைந்து பிறப்பவற்றில், அதே பழுது இருபுறத்தும் வந்து சேரும். அப்பொழுது மறைக்க ஒன்றுமில்லை. உடன்பிறந்த இரண்டிற்குப் பிறந்ததன் மரபீனிகளில் நான்கில் ஒருபங்கு, ஒரே மூதாதையின் ஒரே படியை இருமுறை பெற்றதாக இருக்கும் என்பது கணக்கு. அக்கை மகளை மணக்கும் நம்மவர் வழக்கில் அது எட்டில் ஒருபங்கு. அத்தை மகளாயின் பதினாறில் ஒருபங்கு. உறவு விட்டுப்போகாமலிருக்க வேண்டும் என்பார்க்கு மருத்துவர் சொல்லும் எச்சரிக்கையின் அடிப்படை இதுவே. தூய வழி என்பது இந் நெருக்கத்தை முற்றிய எல்லைவரை கொண்டுசெல்வது. அவ் வெல்லையை அடையுமுன் பல வழிகள் மெலிந்து மலடாகி மாய்ந்துபோகும். தப்பியவை சிலவே. அச்சிலவற்றுள் இரண்டைக் கூட்டியவுடன் ஒன்றன் பழுதை மற்றொன்றன் நலம் மூடுகின்றது, வீறு மீள்கின்றது. கலப்பில் வந்த வீற்றிற் பெரும்பகுதி, தூய்மையாக்கியபோது இழந்ததைத் திரும்பப் பெற்றதேயன்றிப் புதிதாய் வானத்திலிருந்து வந்ததன்று.

ஆகலின் உயிரியலிற் 'கலப்பு' என்னுஞ் சொல்லைக் 'கலப்படம்' என்னுஞ் சொல்லின் உடன்பிறப்பாக எண்ணுதல் கூடாது. எண்ணெயிற் கலப்பது வேறு. இனத்திற் கலப்பது வேறு. குதிரைக்கு 64 நிறப்புரி, கழுதைக்கு 62. இரண்டும் கூடிய கோவேறு கழுதைக்கு 63. ஒற்றைப்படை எண்ணைச் சரியாகப் பகுத்துச் சூலணுக்களுக்குக் கொடுக்கமுடியாமையின் அது பெரும்பாலும் மலடாகின்றது. இனம்விட்டு இனம் கலக்கும்போது நேரும் இத் தடையை, ஓரினத்திற்குள் வழிவிட்டு வழி கலப்பதன்மேல் ஏற்றிப் பேசுவது அறியாமை.

இனி, வனாமி.

அதன் பிறந்தகம் அமெரிக்கக் கண்டத்தின் மேலைக் கடற்கரை. மெக்சிக்கோவின் வடபகுதி தொடங்கிப் பெரு நாட்டின் வடபகுதி வரை. அதற்கு வெள்ளைக்கால் இறால் என்றும் பெயருண்மையின், நம் வெள்ளை இறாலோடு மயங்குதற்கு இடமுண்டாயிற்று. இரண்டும் வேறு வேறினம். கூடுதலிலும் அவை வேறுபட்டவை. நம் வெள்ளை இறாலின் பெண், விந்துப்பையை ஏற்று வைக்கும் உறை மூடியிருக்கும் அமைப்பினது. ஓடு கழற்றி உடல் மென்மையாயிருக்கும் சிறுபொழுதில்தான் ஆண் அதனோடு இணையும். வனாமிப் பெண்ணுக்கு அவ்வுறை திறந்தது; முட்டையிடுதற்குச் சற்று முன்னர், ஓடு இறுகிய நிலையிலேயே இணைவு நிகழும். காலமும் வேறு, அமைப்பும் வேறு. பண்ணைக்குளத்திற் கிடப்பது நம்முடையதும் அவர்களுடையதும் கூடிப் பெற்ற பிள்ளை என்பது வெறுங் கற்பனை.

வனாமி இங்கு வந்த வரலாறும் அறியத்தக்கது. 1990களின் முற்பகுதியில் ஆந்திர, தமிழகக் கரைகளில் வரியிறால் வளர்ப்புப் பொங்கி எழுந்தது. தாய் இறால்களைக் கடலிலிருந்து பிடித்து, அவற்றின் குஞ்சுகளையே குளங்களில் விட்டனர். 1994, 1995 ஆண்டுகளில் வெண்புள்ளி நச்சுயிரி புகுந்து குளங்களைச் சூறையாடிற்று. கடல்தாயே நோயைச் சுமந்துவரும்பொழுது குஞ்சைக் காப்பது எங்ஙனம்? அமெரிக்கர், குறித்த சில நோய்கள் அறவே இல்லாத வனாமி வழிகளை அடைத்த கூடங்களில் தலைமுறைக்கணக்கில் வளர்த்து வைத்திருந்தனர். அவாய்த் தீவுகள் அதற்கு நடுவிடமாயிருந்தன. இந்தியா 2009 இல் அவ்விறாலுக்குக் கதவு திறந்தது. வெளிநாட்டுத் தாய் இறால்கள் சென்னை நீலாங்கரையிலுள்ள தனிமைக் காப்பகத்தில் ஆய்ந்து பார்க்கப்பட்ட பின்னரே பொரிப்பகங்களுக்குச் செல்லும் என்பது ஏற்பாடு. சில ஆண்டுகளுக்குள் நாட்டின் பண்ணை இறாலில் மிகப்பெரும் பங்கு வனாமியாயிற்று.

இங்கே கவனித்தற்குரிய நுட்பம் ஒன்றுண்டு. வளர்ப்புக் குழுமங்கள் தத்தம் கூடத்திற் பல குடும்பங்களை வைத்து, எந்த ஆணை எந்தப் பெண்ணோடு இணைத்தால் உறவு நெருங்காது என்று ஏடு எழுதிக் காக்கின்றன. ஏடு அவர்களிடம் இருக்கும். இறால் மட்டுமே விற்பனைக்கு வரும். வாங்கிய தாய்தந்தையரின் குஞ்சுகள் நன்றாக வளரும். அக் குஞ்சுகளையே குளத்தில் வளர்த்துத் தாய்தந்தையராக்கினால், பெரும்பாலும் உடன்பிறந்தவையும் ஒன்றுவிட்டவையுமே இணையும். உறவு நெருங்கும், வளர்ச்சி குன்றும், பிழைப்பது குறையும். பட்டாணிக்கு நேர்ந்த சிதறலும் இறாலுக்கு நேரும் இந் நெருக்கமும் உயிரியலில் ஒன்றன்று. ஆயினும் கைக்காசு கொடுப்பவனுக்கு இரண்டன் விளைவும் ஒன்றே: மறுபடியும் விற்றவனிடமே செல்லவேண்டும். குளத்தில் வளர்ந்ததைத் தாயாக்கலாகாது என்று ஒழுங்குமுறைகள் தடுப்பதும், தாயிறால் பெருக்கத்திற்கெனத் தனி நடுவங்கள் அமைத்திருப்பதும் இதனாலும் நோய்ப்பரவல் அச்சத்தாலுமே. வனாமியின்மேல் வழக்குத் தொடுப்பார், 'அது கலப்பு' என்று தொடுக்கவேண்டா. அதன் வித்து வேறொருவன் கையில் உள்ளது. நம் கழிமுகத்திற் பழகா நோய்களைக் கொண்டுவரக்கூடியது. தப்பினால் நம் இறாலின் இரையையும் இடத்தையும் பங்குகேட்கும். வழக்கிற்கு இவை போதும்.

ஏரி இறால் என்ன என்று காண்போம். பழவேற்காடு, சில்காவிற்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் கடற்கழி. அதன் பெரும்பரப்பு ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் கிடக்கின்றது. சிறீஅரிகோட்டைத் தீவு அதனைக் கடலினின்று பிரிக்கின்றது. தெற்கில் ஆரணியாறும் வடமேற்கிற் காளங்கியாறும் நன்னீர் தரும். கடல்நீர் வருவதும் போவதும் மீனவர் 'முகத்துவாரம்' என்னும் கடல்வாய் வழியே. வெள்ளை இறால் ஏரியில் முட்டையிடுவதில்லை. முதிர்ந்த பெண் கடலில் முட்டையிடும். ஒருமுறைக்கு இலக்கக் கணக்கில் இடுவதும் உண்டு. ஏறத்தாழ இரண்டு கிழமையிற் பல உருமாறி, துரும்பினும் மெல்லிய குஞ்சாகி, ஓதத்தோடு கடல்வாய் புகும். ஏரியின் சேற்றிலும் புல்லிலும் சில திங்கள் தின்று வளரும். பின் கடலை நோக்கித் திரும்பும். திரும்பும் வழியிற்றான் வலை காத்திருக்கின்றது.

கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊரார் அவ் வலையிடங்களைப் 'பாடு' என்னும் முறையிற் சீட்டெடுத்து மாற்றி மாற்றிப் பகிர்ந்து வந்தனர். இன்று நல்லிடம் பெற்றவன் நாளை அதனைப் பிறர்க்கு விடவேண்டும். ஏரியில் எவ்விடமும் எவர்க்கும் நிலையான உடைமையன்று. படகும் வலையும் இல்லாத பெண்டிர் மார்பளவு நீரில் அமர்ந்து கையால் துழாவி, இறாலைப் பறியில் இடுவதும் அவ்வேரியின் வாழ்க்கையே. இவர்தம் கைக்கு வரும் ஒவ்வோர் இறாலும் வெவ்வேறு தாய், வெவ்வேறு தந்தை. எந்தக் கடற்பகுதியில் எந்தப் பெண்ணின் முட்டையிலிருந்து வந்தது என்று எவரும் எழுதி வைத்திலர். ஒரு பறியில் நூறிருந்தால் நூறும் நூறுவகை. உப்பு மிகுந்தாற் சில தாங்கும். மழைநீர் புகுந்து உப்பு குறைந்தால் வேறு சில தாங்கும். ஒரு நோய் வந்தாற் பல மடியும், எல்லாம் மடியா.

இதற்குத் தூய வழி என்னும் பெயர் எங்ஙனம் பொருந்தும்? தூய வழி ஓரச்சு. இஃதோ ஆயிரம் அச்சு. கலப்பினம் எனலும் ஆகாது. இரு வழியை எடுத்துக் கூட்டியவர் எவருமிலர். 'இயல்பினம்' என்று சொல்லலாம். காட்டுவழி, கடல்வழி எனினும் தகும். பெயர் எதுவாயினும், அதன் செல்வம் உள்ளிருக்கும் வேறுபாட்டில் உளது, ஒருமையில் இல்லை. இன்னொன்றும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பழவேற்காட்டிற்கே உரிய வெள்ளை இறால் என்று தனியே ஒன்றில்லை. அவ்வினம் ஆப்பிரிக்காவின் கீழைக்கரை முதல் ஆத்திரேலியாவின் வடகரை வரை பரந்து வாழ்வது. பழவேற்காடு அதன் வளர்ப்பு வீடுகளுள் ஒன்று, நல்ல வீடு.

பழவேற்காட்டுச் சேற்றுநண்டின் செய்தியும் இங்கு ஒத்துவரும். அயல்நாட்டு உணவகங்கள் வரை புகழ்பெற்ற அந் நண்டில் பெரிதொன்றும் சிறிதொன்றுமாக இரு வடிவம் உண்டென்று மீனவர் எப்பொழுதும் அறிவர். நூலார் நெடுங்காலம் பெயரிடுவதில் இடறினர். 1998 இல் உலகச் சேற்றுநண்டுகளை மீண்டும் ஆய்ந்து நான்கினம் என வரையறுத்த பின்னரே குழப்பம் தெளியலாயிற்று. நம் கரையில் அவற்றுள் இரண்டு வாழ்கின்றன. சிறியது பெரியதன் கலப்புமன்று, குறைப்பிறவியுமன்று. ஒரே சேற்றில் அருகருகே வாழ்ந்தும் தனித்தனியே நிற்கும் ஈரினம். வலைபிடித்த கை அறிந்ததை நூல் பிந்தி அறிந்தது.

மொழித்தூய்மையை விரும்புவார் இதனாற் கலங்கவேண்டுவதில்லை. மொழியில் தூய்மை பேணுதல், தன் வேர்ச்சொல்லாற் புதுச்சொல் ஆக்கிக்கொள்ளும் ஆற்றலைப் பேணுதல். அஃது அறிவாற் செய்யும் தேர்வு. அதனை ஊனுக்கும் குருதிக்கும் ஏற்றுவது பொருந்தாது. தூய குருதி பேசுவோர் இந் நாட்டில் எதற்காகப் பேசினர் என்பதும், அப் பேச்சினால் எவர் கீழே தள்ளப்பட்டனர் என்பதும் தமிழர் அறியாதவை அல்ல. மாந்தரில் தூய வழி எவ்வூரிலும் இல்லை. இருந்திருந்தால் அவ்வூர் மெலிந்து மாய்ந்திருக்கும்.

தூய வழியோ கலப்போ, இரண்டும் இயல்பினம் என்னும் பெருந்துணியிலிருந்து வெட்டிய துண்டுகளே. துண்டு கிழிந்தால் துணியிடம் திரும்பவேண்டும். இதற்கு உலகறிந்த சான்று திலாப்பியா மீன். ஆசியப் பண்ணைகளில் வளர்த்த நைல் திலாப்பியா, சிலவற்றிலிருந்தே பெருகியமையாற் குன்றிக்கொண்டு வந்தது. 1988 இல் பிலிப்பைன்சு நாட்டில் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்தார் எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆகிய நான்கு நாட்டு நீர்களிலிருந்து இயல்பின மீன்களைக் கொண்டுவந்து, பண்ணை வழிகள் நான்கோடு சேர்த்துத் தேர்ந்து தேர்ந்து வளர்த்தனர். இன்று உலகம் உண்ணும் மேம்பட்ட திலாப்பியா அதன் வழித்தோன்றல். ஆப்பிரிக்க ஆறுகளில் அம் மீன் முன்னமே அழிந்திருந்தால் அவர்கள் எங்கே சென்றிருப்பர்?

எதிர்ச்சான்று நம் கம்பு. பஞ்சாபிலிருந்து 1965 இல் வெளியிட்ட முதற் கலப்பினக் கம்பு விளைச்சலைக் கூட்டிற்று; வயல்தோறும் பரவிற்று. ஆனால் அதற்கும் அதனையொட்டி வந்தவற்றிற்கும் தாய்வழி ஒன்றே. அமெரிக்காவிலிருந்து வந்த வழி. 1970களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் அத் தாய்வழியின் மெலிவைக் கண்டுகொண்டது. ஒரு வயலைச் சாய்த்தது எல்லா வயலையும் சாய்த்தது. குற்றம் கலந்ததில் இல்லை; எல்லாரும் ஒன்றையே கலந்ததில் இருந்தது.

இவற்றையெல்லாம் இப்பொழுது எடுத்துரைத்தற்குக் கரணியம் உண்டு. 1987 இல் தோன்றிச் சென்னையில் இயங்கும் நடுவண் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், நம் வெள்ளை இறாலையே பண்ணைக்கேற்ப மேம்படுத்த முனைந்துள்ளது. அதற்கான மரபியல் மேம்பாட்டுத் திட்டம் 2023 பிப்பிரவரியிற் சென்னையில் தொடங்கப்பெற்றது. முதற்கட்டத்திற்கு ஒன்றிய அரசு 25 கோடி உருபா ஒதுக்கியது. வனாமி ஒன்றையே நம்பி, அதன் தாய்க்கு அயலாரிடம் கையேந்தி நிற்கும் நிலையை மாற்றுவதற்கு இது நல்வழி. தமிழர் வரவேற்கவேண்டும். வரவேற்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளத்தான் கூடாது.

ஏனெனில், இங்கேதான் 'நம்முடையது நல்லது, அயலது தீயது' என்னும் எளிய கணக்குத் தலைகீழாகின்றது. வனாமி குளத்திலிருந்து தப்பி ஏரிக்குள் வந்தால் நோய் பரப்பலாம், இரைக்குப் போட்டியிடலாம். ஆனால் நம் வெள்ளை இறாலின் மரபிற்குள் அது நுழையாது. தேர்ந்து வளர்த்த வெள்ளை இறால் தப்பினால் நுழையும். ஓரினமாதலின் தடை ஒன்றுமில்லை. விரைந்து வளர்தற்கென்றும் குளத்து நெருக்கத்தைத் தாங்குதற்கென்றும் தேர்ந்தெடுத்த சில குடும்பங்களின் மரபீனிகள், கடலில் முட்டையிடும் இயல்பினத்தோடு கலக்கும். குளத்தில் வெற்றி தரும் பண்பு கடலில் வெற்றி தரும் என்பதற்கு உறுதியில்லை. தீனித்தட்டை நோக்கி அஞ்சாமல் ஓடிவரும் இறால், கடலில் மீன்வாய்க்கு முதலிரையாகும்.

நார்வே நாட்டார் இதனைச் சால்மன் மீனிற் பட்டறிந்தனர். அங்கும் பண்ணை மீன், காட்டு மீன் இரண்டும் ஓரினமே. கூண்டிலிருந்து தப்பியவை ஆறுகளில் ஏறிக் காட்டு மீனோடு இணைந்தன. நூற்றுக்கு மேற்பட்ட ஆறுகளை ஆய்ந்து 2016 இல் வெளியிட்ட முடிவின்படி, ஏறத்தாழப் பாதி ஆறுகளின் காட்டுச் சால்மனில் பண்ணை மரபு புகுந்துவிட்டது. சால்மன் பிறந்த ஆற்றிற்கே திரும்புவது. ஆற்றுக்கு ஆறு சிறு கூட்டம். ஆகவே தீங்கு விரைந்து தைக்கும். இறால் கூட்டம் பெருங்கடலிற் கலந்து வாழ்வது, எண்ணிக்கை பெரிது, ஆகவே அதே அளவு தைக்கும் என்று சொல்வது மிகை. ஆனால் வலையில் விழும் இறால் ஆண்டுக்காண்டு அருகிவரும் கழியில், பெருங்கூட்டம் இருக்கின்றதென்று நம்பி இருத்தலும் பேதைமை.

எனவே கேட்கவேண்டிய கேள்விகள் சில உள. மேம்பாட்டுத் திட்டத்திற்குத் தாய்தந்தையராக எடுத்தவை எத்தனை, எந்தெந்தக் கடற்பகுதியின? குடும்ப ஏடு அரசின் கையிலா, தனியார் குழுமத்தின் கையிலா? பொரிப்பகங்கள் உறவு நெருங்காமற் காக்கும் முறையை யார் ஆய்வர்? மேம்பட்ட குஞ்சுகளை வளத்தைப் பெருக்குகின்றோம் என்று சொல்லி ஏரியிலோ கடலிலோ கொண்டுபோய்க் கொட்டலாகாது என்பதற்கு எழுத்தாணை உண்டா? அங்ஙனம் விடவேண்டின், அவ்வக் கடற்பகுதியிற் பிடித்த பல தாய்களின் நேர்க்குஞ்சுகளையே விடவேண்டும். தேர்ந்து குறுக்கிய வழியின் குஞ்சுகளை அல்ல. மீனவர் ஊர்ப்பேரவைகள் இவற்றைக் கேட்டால் விடையிறுக்கும் கடமை அறிவியலார்க்கு உண்டு. அறிவியலார் மறுப்பர் என்று கருதவும் வேண்டா. இயல்பினத்தின் அருமையை அவரினும் மிகுதியாக அறிந்தவர் யார்?

பண்ணைக்கும் ஏரிக்கும் இடையே எவ்வளவு தொலைவு வேண்டும் என்பது முன்னமே வழக்காடப்பெற்றது. நிலக்கொடைத் தொண்டர் சங்கரலிங்கம் செகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 திசம்பர் 11 அன்று உச்ச நயன்மன்றம் அளித்த தீர்ப்பு, சில்கா, பழவேற்காடு ஆகிய இரு கழிகளையும் பெயர்சுட்டி, அவற்றிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறாற்குளம் அமைத்தலாகாது என்றது. அப்பொழுது கருத்திற்கொண்டது பெரும்பாலும் கழிவுநீரும் உப்பேறும் நிலமுமே. 2005 இல் நாடாளுமன்றம் கடலோர நீருயிரி வளர்ப்புக்கெனத் தனிச்சட்டம் இயற்றி, உரிமம் வழங்கும் ஆணையத்தை அமைத்தது. அத் தொலைவைப் பற்றி இனிப் பேசுவார், கழிவுநீரோடு மரபுக்கலப்பையும் சேர்த்துப் பேசவேண்டும். வெள்ளப்பெருக்கில் வரப்பு உடையும் குளம் ஏரிக்கு அருகில் உள்ளதா, தொலைவில் உள்ளதா என்பதே அங்கு வினா.

இவற்றினும் முந்தியது கடல்வாய். இலக்கக் கணக்கான தாய்களின் குஞ்சுகள் ஓதத்தோடு உள்ளே வருவதும், வளர்ந்தவை முட்டையிட வெளியே போவதும் அவ் வழியாலே. மணல் மேடிட்டு அது குறுகும் ஆண்டுகளில் ஏரிக்குள் வரும் குஞ்சும் குறையும், உள்ளிருப்பவையும் சிக்கிக்கொள்ளும். அதனை நிலையாகத் திறந்துவைக்க வேண்டுமென்று குப்பத்தார் பல்லாண்டுகளாகக் கேட்டு வந்துள்ளனர். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை அவர் எதிர்ப்பதற்கும் கரையின் மணலோட்டம் மாறிவிடும் என்னும் அச்சம் ஓர் ஏது. படகு போகவும் வரவும் வழிவேண்டும் என்பதாகவே அவர்தம் கோரிக்கை அலுவலகங்களில் படிக்கப்படுகின்றது. வெள்ளை இறாலின் ஆயிரம் அச்சும் ஆண்டுதோறும் ஏரிக்குள் நுழைவது அவ்வாயில் வழியே என்பதும் அம் மனுவில் ஒரு பத்தியாக எழுதப்படவேண்டும். எழுதித்தரத் தமிழறிந்த ஆசிரியர் எவ்வூர்ப் பள்ளியிலும் உளர்.